திரையில் எட்டு

"இன்னைக்கு நடுவுல ஒரு மணித்தியாலம் நான் ப்ளே பண்ணணும் அண்ணே. என் பேரைச் சொல்லி."

இந்த ஒன்றை மட்டும் கேட்காதே என்று டிலானியிடம் ஷிராஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ஸ்பீக்கர் பூட்டுகிறவன், இரண்டு வருஷத்துக்கு முன் அவளை டீஜே கிருஷாந்தனிடம் சேர்த்துவிட்டவனும் அவன்தான். "பாட்டு தேடிக் குடு, அடுக்கிக் குடு. மேடைய மட்டும் கேட்டுறாத. அன்னைக்கே அனுப்பிருவான்."

கிருஷாந்தன் சிரித்தான். "பகிடி விடாத. ஆர் வந்திருக்கிறா எண்டு பார்."

அம்பிட்டிய மலைச்சரிவு ஹோட்டலில், நீச்சல் குளத்தோரம் முன்கதிரையில் நிலூஷா இருந்தாள். டிசம்பரில் தென்கரையில் நடக்கும் இசைவிழாவுக்கு ஆள் தெரிவுசெய்யக் கொழும்பிலிருந்து வந்தவள். டிலானி போடுவது அவள் காதில் விழுந்தால் போதும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை டிலானி ஹுன்னஸ்கிரிய பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. தேயிலைக் கொழுந்து பறித்து அவளைப் பட்டதாரியாக்கிய அம்மா அதற்குச் சேலையே எடுத்துவிட்டாள்.

"தெரிஞ்சுதான் கேக்குறேன்."

"டிகிரி முடிச்சா வாய் நீளும் போல. போய் லப்டொப்புக்குப் பக்கத்தில நில்."

போய் நின்றாள். வேறு என்ன செய்ய?

நாலு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கிற்று. அடுக்கு முழுவதும் அவளுடையது. டீப் ஹவுஸ் என்ற இந்த ஆட்ட இசையில் ஒரு பாட்டு முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போதே அடுத்தது உள்ளே வந்துவிடும். சுருதி சேர்ந்தால் எங்கே மாறிற்று என்றே தெரியாது; சேராவிட்டால் கண்டி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ் இரண்டு பாட்டை அலறவிட்ட மாதிரி. ஒவ்வொரு பாட்டின் சுருதிக்கும் திரை ஓர் எண் காட்டும். எட்டோடு ஏழும் ஒன்பதும் சேரும். கிருஷாந்தனுக்கு எண்தான் தெரியும், காது கிடையாது.

கூட்டம் மந்தமாக இருக்கவே அவன் வேகத்தை ஏற்றினான். ஏற்றினாலும் சுருதி நகராமல் பிடித்துவைக்கும் பொத்தானை, குரல் கரகரக்கிறதென்று ஓடிய பாட்டின் பக்கம் மட்டும் அணைத்திருந்தான். அந்தப் பாட்டு அரைச்சுரம் மேலே ஏறிவிட்டது. திரை இன்னும் எட்டு என்றே சொன்னது.

"அண்ணே, அது இப்ப எட்டு இல்ல. அரைச்சுரம் ஏறினா மூணு."

"சும்மா இரு. எட்டெண்டு கிடக்குதெல்லே."

ஒன்பதை உள்ளே விட்டான். பேஸும் பெண்குரலும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. நிலூஷா முகத்தைச் சுளித்தாள். கிருஷாந்தன் மைக்கை எடுத்து, பாட்டு அடுக்கிய பெண் விட்ட பிழை என்று ஆங்கிலத்தில் சொல்லி, அவளை நோக்கிக் கையும் காட்டினான்.

இரண்டு வருஷத்தில் முதன்முறையாக எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவனைத் தோளால் இடித்துத் தள்ளினாள். ஒன்பதை இறக்கினாள். மூன்றில் இருந்த ஒரு பாட்டைத் தேடிப் பிடித்தாள். சேராது என்று திரை சிவந்தது. காதை நம்பி உள்ளே விட்டாள். பியானோ பழைய குரலுக்குக் கீழே போய் அலுங்காமல் உட்கார்ந்துகொண்டது. குளத்தோரம் ஆட எழுந்தார்கள்.

நிலூஷா எழுந்து வந்து, டிலானியைத் தாண்டி அவனிடம் கை நீட்டினாள். "நல்லா சமாளிச்சீங்க, கிருஷாந்தன்."

"சமாளிச்சது நான்" என்றாள் டிலானி. "எட்டோட மூணு எப்படி சேந்துச்சுன்னு அவர கேளுங்க."

கிருஷாந்தன் திரையைப் பார்த்தான். அதில் விடை இல்லை.

நிலூஷாவுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. "விளங்குது தங்கச்சி. ஆனா போஸ்டருக்கு சனம் தெரிஞ்ச பேர் வேணும். நீங்களும் வாங்க, அவருக்கு ஹெல்ப்பா."

"பாத்தியே, உனக்கும் இடம்" என்றான் அவன், மனங்குளிர்ந்து.

கடல், மேடை, மேடைக்குப் பின்னால் ஒரு மூலை. திங்கட்கிழமையை நினைத்தபோது அவள் தலை தானாகவே பாதி ஆடிவிட்டது. அந்தத் தலையாட்டல்தான் அவளைச் சுட்டது. இன்று ஆட்டினால் சாகும்வரை ஆட்ட வேண்டியதுதான்.

"வேணாம்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். ஓடிய பாட்டில் இரண்டு நிமிஷம் மிச்சமிருந்தது.

"டிலானி, அடுத்தது எது? நம்பரையாவது சொல்லிப்போட்டுப் போ!"

அவளுக்குத் தெரியும். திரும்பாமலே நடந்தாள்.

வயர் சுற்றிக்கொண்டிருந்த ஷிராஸ் குறுக்கே வந்தான். "எங்க போற? திங்கக்கிழம ஸ்கூலுக்கா?"

"அங்கயும் இல்ல. இவன் முதுகுக்குப் பின்னாலயும் இல்ல."

"அப்ப எங்க புள்ள?"

"என் பேரைச் சொல்ற மேடை ஒண்ணத் தேடி." அவள் கேற்றைத் தாண்டி, இறக்கத்தில் நடக்கத் தொடங்கினாள்.