முதல் வாய் இறங்கட்டும்

"பொறுங்க! தலைய உசத்தாம ஒருத்தரும் போடப்படா!"

வாய்க்கரிசித் தட்டோடு குனிந்த மச்சாளின் கையைப் புஸ்பம் எட்டிப் பிடித்தாள். ஒப்பாரி நின்றுபோனது. பெட்டிக்குள் அவள் புருஷன் வல்லிபுரம் மல்லாந்து கிடந்தார். நேற்று விடியற்காலை இரண்டாம் தடவையாக வந்த பாரிசவாதம் அவரை எழும்பவே விடவில்லை.

"உனக்கென்ன, புத்தி பேதலிச்சிட்டா? கடசி மட்டும் என்ட தம்பிக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்காம வச்சிருந்தாய். இப்ப அரிசிக்கும் தடையா?" என்றாள் மச்சாள்.

புஸ்பத்திடம் பதில் இருந்தது. முதல் தடவை விழுந்து எழும்பிய கையோடு, பாவம் பார்த்துப் படுக்கையிலேயே தேத்தண்ணி பருக்கியது இதே மச்சாள்தான். அது புரையேறி நெஞ்சுக்குள் இறங்கி, மனுஷன் திரும்பவும் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தார். அதன்பிறகுதான் அங்கே பேச்சுச் சிகிச்சை தருகிற கம்சாயினி மிஸ் விழுங்குவதைப் பிள்ளைக்குப் போலப் பழக்கினாள். நிமிர்த்தி இருத்தி, நாடியை நெஞ்சோடு தாழ்த்தி, எல்லாம் கூழ்ப் பதத்தில். தொண்டையில் விரல் வைத்து, முதல் வாய் இறங்கியது தெரிந்தால்தான் அடுத்த வாய். புஸ்பம் அதை விரதம்போலக் காத்தாள்.

ஆனாலும் அவர், வாவியில் வலை இழுத்துக் கரையேறியதும் சுடச்சுடத் தேத்தண்ணி கேட்கிற மனிதர். முந்தாநாள் பின்னேரம் கூழ்த் தேத்தண்ணியைத் தட்டிவிட்டு, கேத்தலைக் காட்டி, "தே... தே..." என்று கண்கலங்கினார்.

"வெள்ளிக்கிழம மிஸ் பார்த்துச் சொல்லட்டும். மறுகா கோப்ப கோப்பையாத் தாறன்," என்று சொல்லி வாயைத் துடைத்துவிட்டாள். இன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை. நாலு மிடறு கொடுத்திருக்கலாமே.

மகள் விதுர்ஷா அறைக்குள் போய், அப்பாவைச் சாய்த்து வைக்கிற தலையணையை எடுத்து வந்தாள். இருவருமாகத் தூக்கினார்கள். கழுத்து வளையவில்லை, தோளும் சேர்ந்தே வந்தது. எப்படியோ தலையணையைச் செருகினார்கள்.

புஸ்பம் ஒரு சிட்டிகை அரிசியை அவர் உதட்டில் வைத்தாள். இடது கை விரல்கள் தாமாகவே போய்த் தொண்டையில் படிந்தன.

"மூணு தரம் போடோணும்கா. மற்றதையும் போடு," என்றாள் மச்சாள். அவள் குரல் இப்போது தணிந்திருந்தது.

"பொறுங்க மச்சாள். முதல் வாய் இறங்கட்டும்."

பின்னால் நின்றவர்கள் கையில் அரிசியோடு காத்திருந்தார்கள்.