அப்பாவின் பெயருக்குச் சான்று

மருந்துக்கடையில் நாளெல்லாம் நிற்கிறவளுக்கு உட்காரக் கிடைப்பது மதியம் அரை மணி நேரம். அதையும் ஒன்பது வருஷமாக இணையக் கலைக்களஞ்சியத்துக்குத் தாரை வார்த்திருந்தாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், தப்பென்றால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். பதவியும் சிபாரிசும் அங்கே செல்லாது. ஆதாரமில்லாத ஒரு வரி கண்ணில் பட்டால், ‘சான்று தேவை’ என்று ஒட்டிவிட்டுத்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள்.

அப்படிப்பட்டவள் தானே போய் மாட்டிக்கொண்டாள். ஆற்றுப்பாலம் இடிந்ததைப் பற்றிய பக்கத்தில், தூணில் விரிசலைக் கண்டு அன்று காலையே போக்குவரத்தை நிறுத்தியவர் என்று அப்பாவின் பெயரைச் சேர்த்தாள். அப்பா அப்போது பாலங்களைச் சோதிக்கும் ஊழியர். சாயங்காலம் பாலம் விழுந்தபோது அதன்மேல் ஓர் ஈ காக்கை இல்லை. “பூசி மூடிட்டுப் போய்யா” என்று விரட்டிய மேலதிகாரியை மீறித்தான் நிறுத்தினார். அந்த அதிகாரி பிற்பாடு அண்ணனுக்கே மாமனாராக வந்து வாய்த்தார், அது வேறு கதை.

வீட்டுக்குத் தெரிந்தால் ஆயிற்றா? ‘ஆமை’ என்ற பெயரில் எழுதும் ஒருவர் பத்தே நிமிஷத்தில் ஒட்டிவிட்டார்: சான்று தேவை. அவரைப் பழக்கியதே இவள்தான்.

பத்திரிகையில் வேலை பார்க்கும் அண்ணனிடம் ஓடினாள்.

“அச்சுல வந்தா போதும்ணா.”

“இவ்ளோதானே? ஞாயித்துக்கிழமை வரும். அப்பாகிட்ட சொல்லிடு.”

எண்பத்து மூன்று வயது அப்பா தினமும் கேட்டார், “வந்துடுச்சாம்மா?”

வந்தது, அரைப் பக்கத்துக்கு. விரிசலைக் கண்டவர் மாமனார். நிறுத்தியவர் மாமனார். அப்பா மருந்துக்குக்கூட இல்லை.

அவள் போன் போட்டாள். “மனசாட்சின்னு ஒண்ணு இருக்காண்ணா உனக்கு?”

“நீ பேசிட்டுப் போயிடுவ. நான் அவர் வீட்லதானே குடியிருக்கேன்? அப்பாவுக்கு இனிமே பேரு வந்து என்ன ஆகப்போகுது?”

கூடப்பிறந்தவன் நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான்.

அதற்குள் ஆமை அந்தக் கட்டுரையையே சான்றாகக் காட்டி மாமனார் பெயரை ஏற்றியிருந்தார். இவள் நீக்கினாள். அவர் திரும்பப் போட்டார். “அக்கா, அச்சுல ஆதாரம் இருக்கு. வீட்ல சொன்னாங்கங்கறது செல்லாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?” பாவம், அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வீட்டில் அப்பா போனை வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, முழுப் பக்கத்தையும் படித்தார்.

“தப்பா இருக்கேம்மா. யாரு வேணா திருத்தலாம்னு சொன்னியே?”

“திருத்தினேம்பா. நிக்கல.”

“ஏன்?”

பக்கத்தின் அடியில் சான்று என்றிருந்த வரியைக் காட்டினாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மகனின் பெயரை இரண்டு முறை படித்தார்.

“பெத்த பையனே சொல்றான்னா,” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார், “அப்புறம் யாரு இல்லைங்கப் போறா?”