சம்பங்கி பூக்கக் கூடாது

“பெருமாளே, இந்தச் சம்பங்கி பூக்கிற வரைக்கும் அவரை என்கிட்டேருந்து எடுத்துக்காதே. முதல் பூ உனக்குத்தான்.”

இனி மருந்து கொடுத்துப் பயனில்லை என்று டாக்டர் கையை விரித்த அன்று, ஆகஸ்டில், இப்படித்தான் வேண்டிக்கொண்டேன். கெட்டிக்காரத்தனமாகத்தான் கேட்டேன். இந்த அமெரிக்க ஊர் மான்மவுத் ஜங்ஷன் குளிரில் சம்பங்கியாவது, பூப்பதாவது! வருஷா வருஷம் குளிருக்கு முன் என் வீட்டுக்காரர் பிச்சுமணி கிழங்கைத் தோண்டி எடுத்து, நியூஸ்பேப்பரில் சுற்றி பேஸ்மென்டில் வைப்பார். மே மாதம் மறுபடி தொட்டியில் நடுவார். தண்டு விடலாமா என்று அது யோசிப்பதற்குள் உறைபனி வந்துவிடும். ஒரு வருஷம்கூடப் பூத்ததில்லை. அந்தத் தைரியம்தான் எனக்கு.

பாழாய்ப் போன செடி, இந்த அக்டோபரில் தண்டு விட்டது.

ஹாலில் கண்ணாடிக் கதவோரம் அவருக்குக் கட்டில் போட்டிருந்தோம். அங்கிருந்தே பார்த்துவிட்டார். “காமு! மொட்டு வெச்சிருக்குடீ!” அவர் குரல் அப்படி எழும்பி எத்தனை நாளாயிற்று! நான் பெருமாள் படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

“ராத்திரி ஃப்ராஸ்ட்னு டிவில சொல்றான். தொட்டியை உள்ள கொண்டு வந்துடு” என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கொண்டுவந்து வைத்தேன். வீட்டுக்குள் ஹீட்டர் சூடு. அடி மொட்டு நாளுக்கு நாள் பருத்து வெளுத்தது. அவரானால் சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம், அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“நாளைக்குப் பூத்துடும் பாரு. வீடே மணக்கும்.”

அன்று சாயங்காலம் வலி மாத்திரை போட்டுக்கொண்டு அவர் கண் அயர்ந்ததும், தொட்டியைத் தூக்கி கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பலகைத் தளம் போட்ட டெக்கில் வைத்துவிட்டு வந்தேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

காலையில் தண்டு துவண்டு கறுத்து, வேகவைத்த கீரை மாதிரித் தொங்கியது. அவர் கண்ணாடி வழியே வெகுநேரம் பார்த்தார்.

“நீயா வெளில வெச்சே?”

வேண்டுதலை அழுதுகொண்டே கொட்டிவிட்டேன்.

“அசடு” என்றார். கோபமில்லை. “கிழங்கு செத்திருக்காது. எடுத்துக் காய வை. அடுத்த வருஷம் பூத்தா, சாமிக்கு வைக்கறதுக்கு முன்னாடி எனக்கு பதிலா நீ மோந்து பாத்துடு.”

“நான் எதுக்கு மோந்து பாக்கணும்? நீங்கதான் பாக்கப்போறேள்! அது பூக்காம உங்களால எங்கேயும் போக முடியாது. பெருமாள்கிட்ட பேசி வெச்சிருக்கேன்!” தெருவுக்கே கேட்டிருக்கும், அப்படிக் கத்தினேன்.

அவர் தொட்டியைக் கிட்டே கொண்டுவரச் சொல்லிக் கை காட்டினார். கொண்டுபோனேன். கறுத்த தண்டை இரண்டு விரலால் பிடித்து, மொட்டை மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏன்னா, வாசனை வரதா?”

“லேசா வரதுடீ” என்றார்.

நானும் குனிந்து மோந்து பார்த்தேன். அழுகின இலை நாற்றம்தான் அடித்தது.