ஒன்பது கிராம் தண்ணீர்

எண்பத்தேழு செப்டம்பரில் சாலை மறியல் நடந்த வாரமே, பிளஸ் டூ வேதியியலில் தோற்றவர்களுக்கு மறுதேர்வும் வந்தது. தள்ளிப்போகும் என்று சுபைர் ரேடியோவைக் கேட்டுக்கொண்டே இருந்தான். தள்ளிப்போகவில்லை. பஸ்தான் ஓடவில்லை. வடக்கனந்தலில் மளிகைக்கடை வைத்திருந்த அவன் அத்தா சைக்கிளுக்குக் காற்றடித்து, கள்ளக்குறிச்சிக்குப் போய் எழுதிவிட்டு வா என்றார்.

ஊர் எல்லையில் புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அதன்மேல் தமிழழகன் உட்கார்ந்திருந்தான். அவனும் அதே பாடத்தில் தோற்றவன். அவன் சாதிக்காரர்கள் இட ஒதுக்கீடு கேட்டு வெட்டிப்போட்ட மரம் அது. கல்யாணம், சாவு தவிர எதற்கும் ஆளை விடக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு.

“உனக்கும் இன்னிக்குப் பரீட்சதானடா?” என்றான் சுபைர்.

“ஒதுக்கீடு வந்தா கம்மி மார்க்குக்கே காலேஜ்ல சீட்டு கெடைக்கும்.”

“பாஸானாத்தான்டா.”

தமிழழகன் யோசித்தான். கூலி வேலைக்குப் போகும் அவன் வீட்டில் பத்தாம் வகுப்பையே யாரும் தாண்டியதில்லை. மறியலை நடத்திய பச்சமுத்துவிடம் போய்ச் சொன்னான். அவர் பீடியை அணைத்தார்.

“படிக்கிறவன் மேல வரணும்னுதான மரத்த வெட்டிப் போட்டுக்கினு கெடக்கறோம். போய் எழுதுடா.”

தமிழழகன் வீட்டுக்கு ஓடி ஹால் டிக்கெட்டை எடுத்து வந்தான். சைக்கிளை மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கியதும் பச்சமுத்துதான்.

கேரியரில் உட்கார்ந்து தமிழழகன் மோல் கணக்கு சொல்லிக்கொண்டே வந்தான். நிறையை மூலக்கூறு எடையால் வகுத்தால் மோல். மோலை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் மூலக்கூறுகளின் எண்ணிக்கை. எங்கே வகுப்பது, எங்கே பெருக்குவது என்பது மட்டும் சுபைருக்குப் பிடிபடவில்லை. மற்றதெல்லாம் புரிந்தது.

டவுனுக்குள் நுழையும்போது மறியல் ஆட்களோ என்று போலீஸ் மறித்தது. சப்-இன்ஸ்பெக்டர் பி.எஸ்.சி. வேதியியல் படித்தவர். ஹால் டிக்கெட்டை நம்பவில்லை.

“ஒம்போது கிராம் தண்ணியில எத்தினி மூலக்கூறு?” என்று தமிழழகனைக் கேட்டார்.

“அர மோல் சார். சுமாரா மூணு இன்டு டென் பவர் ட்வென்டி த்ரீ.”

சுபைரிடம் நாலு புள்ளி நாலு கிராம் கார்பன் டை ஆக்சைடைக் கொடுத்தார். அவன் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்தான். விடை ஒரு மூலக்கூறுக்கும் குறைவாக வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அவனை வேனில் ஏறச் சொன்னார்.

“சார், அவன் நெசமாவே ஃபெயிலானவன் சார். அதுக்காவத்தான் மறுபடி எழுதப் போறான்,” என்றான் தமிழழகன்.

அதில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. இருவரையும் விட்டார்.

எழுதி முடித்து வெளியே வந்தால் பள்ளி வாசலில் அதே வேன் நின்றது. தமிழழகன் சட்டை முதுகில் மரத்தூள் ஒட்டியிருந்ததைச் சப்-இன்ஸ்பெக்டர் காலையிலேயே பார்த்துவிட்டாராம். பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறார். தமிழழகன் பேனாவைச் சுபைரிடம் கொடுத்துவிட்டு ஏறினான். வாடா என்று மரத்திலிருந்து இறக்கிக் கூட்டிவந்தது தான்தான் என்று நினைத்துக்கொண்டே சுபைர் தனியாக ஊருக்குச் சைக்கிளை மிதித்தான்.

சாயங்காலம் தமிழழகனின் அம்மா அம்சவள்ளியிடம் போய்ச் சொன்னான். அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“நல்லா எழுதனானா?”

“என்ன விட நல்லா எழுதனான்மா.”

அவள் முறத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

ரிசல்ட் வந்தபோது தமிழழகன் ஜாமீனில் வெளியே இருந்தான். இருவரும் பாஸ். கேள்வித்தாளில் மோல் கணக்கு வரவேயில்லை.