ஐந்நூற்றுப் பதினொன்று

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் அணுக்கரு இயற்பியல் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டால், வெளியே சொல்ல முடியுமா? தபால் வழியில் படித்த முதுகலையில் எனக்கு அந்த ஒரு தாள்தான் பாக்கி. மூன்றாவது முறையும் போனால் மேல்வகுப்புகளை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள்.

முரண்டு பிடித்த கணக்கு இதுதான்: ஃப்ளூரின்-18 சிதையும்போது வெளிவரும் பாசிட்ரானின் அதிகபட்ச ஆற்றல் எவ்வளவு? எனக்கு 1.656 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கம் 0.634 என்றது. ஆராய்ச்சி செய்யும் பழைய மாணவன் ஒருவன், "உங்களுக்குத் தெரியாததா மிஸ்?" என்று நழுவிவிட்டான். இணையக் குழுவில் நான்கு பேர் பதில் போட்டார்கள். நான்கு பேரும் என் தப்பையே அழகாக எழுதித் திருப்பித் தந்தார்கள்.

ஞாயிறு காலை, பக்கத்து மேசையில் என் தம்பி மனைவி சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு மருத்துவமனையில் ஸ்கேன் அறையில் வேலை.

"என்னக்கா, எங்க ஃப்ளூரினை வச்சு மண்டையை உடைச்சுக்கிறீங்க?"

"உங்க ஃப்ளூரினா?"

"ஸ்கேனுக்கு வர்றவங்களுக்கு அதைத்தானே தினமும் ஊசியில ஏத்தறோம்." எட்டிப் பார்த்தாள். "ரெண்டு விடைக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

கழித்துப் பார்த்தேன். 1.022.

"நாங்க கிலோ எலக்ட்ரான் வோல்ட்ல சொல்லுவோம், எங்க அலகுல ஆயிரத்து இருபத்திரண்டு. அதாவது ரெண்டு ஐந்நூத்திப் பதினொண்ணு. பாசிட்ரானும் எலக்ட்ரானும் சேர்ந்து அழிஞ்சா வர்ற கதிரைத்தான் எங்க மெஷின் பிடிக்கும். ஒவ்வொண்ணும் ஐந்நூத்திப் பதினொண்ணு, ஒரு எலக்ட்ரானோட நிறைக்கு உண்டானது. நீங்க ரெண்டு எலக்ட்ரானை எங்கயோ விட்டுட்டீங்க."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் காலரைத் திருப்பித் தேய்த்தாள். எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. நான் கணக்குப் போட எடுத்த நிறை அட்டவணையில் இருப்பது எலக்ட்ரான்களையும் சேர்த்த அணுவின் நிறை. சிதைவில் உதிரியாகும் எலக்ட்ரான் ஒன்று, அதே நிறையோடு வெளியேறும் பாசிட்ரான் ஒன்று. இந்த இரண்டையும் கழிக்காமல் இரண்டு மாதமாக முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவளுக்கு அதை விளக்கினேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எட்டு வருஷமா பாக்கிற நம்பர்க்கா. கணக்குல எங்க வந்து உட்காருதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது. அடுத்ததை எடுங்க."

எனக்குப் பொறாமைகூட வரவில்லை, அவளை அவ்வளவு பிடித்துப்போனது. தேர்வு வரை ஞாயிறுதோறும் உட்கார்ந்து பதினேழு கணக்குகளை முடித்தோம்.

தேறினேன். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"என் தம்பி மனைவிகிட்ட."

"அவங்களும் இயற்பியல் டீச்சரா?"

எனக்குச் சொல்லிக்கொடுத்தவளை டீச்சர் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமா சார்" என்றேன்.