ஏஞ்சல் பக்கத்து இடம்

ஜெயராஜ் மூப்பரின் உடல் ஆலயத்தில் கிடத்தப்பட்டிருந்தது. குழி மட்டும் இன்னும் வெட்டப்படவில்லை. எங்கே வெட்டுவது என்பதை என் அப்பாதான் சொல்ல வேண்டும்.

அடக்கம் நான்கு மணிக்கு. இப்போது மணி பதினொன்று.

எட்டு வருடத்துக்கு முன் ஆந்திர எல்லை தாண்டி, சிப்காட் இரும்பு ஆலை வேலைக்காகக் கும்மிடிப்பூண்டி வந்தோம். இருமுகிற அம்மாவைப் பார்த்ததும் எந்த வீட்டுக்காரரும் சாவி தரவில்லை. சபை மூப்பர் ஜெயராஜ்தான் தன் வீட்டுப் பின்பக்க அறையைத் திறந்துவிட்டார். வாடகை பற்றிப் பேசவே விடவில்லை.

மூன்றாம் மாதம் அம்மா போய்விட்டாள். பழைய சபையின் மாற்றுக் கடிதம் வராததால் நாங்கள் அங்கத்தினர் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் இடம் தர முடியாது என்றது கமிட்டி. மூப்பர் எழுந்தார். இறந்துபோன தன் மனைவி ஏஞ்சல் பக்கத்தில் அவருக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தை அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தார்.

“எனக்கு இன்னா அவசரம்? நான் வர்றப்ப பாத்துக்கலாம்மா” என்றார் என்னிடம்.

இதோ, வந்துவிட்டார்.

தோட்டத்தில் புது இடம் தீர்ந்து வருடங்களாகின்றன. ஏழு வருடம் தாண்டிய குழியைத் திறந்து, மேலே இன்னொருவரை வைக்கலாம். அதுவும் ஒரே ஒரு முறை. ஏஞ்சலை அவள் மாமியாரின் குழிக்கு மேலேயே வைத்திருந்ததால், மூப்பருக்கு மிச்சம் அம்மாவின் குழிதான். புதைக்கப்பட்டவரின் கணவரோ வயது வந்த பிள்ளையோ கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் ஏரிக்கரைப் பொது இடுகாடு. செயலாளர் சாலமோன் இதையெல்லாம் சொல்லி முடித்துத் தாளை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பாவும் இந்த வருடத்திலிருந்து மூப்பர். இரண்டு முறை படித்துவிட்டு மேஜையில் வைத்தார்.

“அது என் எடம்.”

“அவரு குடுத்த எடம், நைனா.”

“குடுத்துட்டாரு இல்ல. அப்புறம் இன்னா?”

பின்பக்க அறையை நினைவுபடுத்தினேன். அம்மாவை அவர் ஆஸ்பத்திரிக்குத் தன் பைக்கில் கொண்டுபோனதைச் சொன்னேன். பிள்ளையில்லாத மனுஷருக்கு நம்மைவிட்டால் யார் என்று கேட்டேன். அப்பா எதையும் மறுக்கவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

“உங்கம்மாவ உட்டுட்டு நான் எங்க போய் படுப்பேன், செல்வி?”

சாலமோன் தாளை என் பக்கம் திருப்பினார்.

“நீ போட்டாலும் செல்லும்மா. சீக்கிரம் சொல்லு. குழி வெட்ற கலியன் கடப்பாறைய வச்சிக்கினு உக்காந்துகினு கீறான்.”

பேனாவை எடுத்தேன். ஜெயராஜ் மூப்பருக்காக எதுவும் செய்வேன் என்று எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனாவை மூடி வைத்தேன்.

நான்கு மணிக்கு ஏரிக்கரையில், கருவேல முள்ளை வெட்டி ஒதுக்கிய இடத்தில் அவரை இறக்கினார்கள். நினைவுரை அப்பாவுடையது. வந்தேறிகளான எங்களுக்கு வீடு தந்தவர், இடம் தந்தவர் என்று நெஞ்சுருகப் பேசினார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் ஏஞ்சலின் தங்கை என் கையைப் பிடித்தாள். அக்கா பக்கத்தில் ஏன் வைக்கவில்லை என்று கேட்டாள்.

“அங்க எடம் இல்லியாம் ஆன்ட்டி” என்றேன்.