முருங்கை நிழல்

நாய்களுக்கு ஊசி போட ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தாட்சாயினி காலையிலேயே ஜிம்மியை முருங்கை மரத்தில் சங்கிலியால் கட்டினாள். அது ஒருநாளும் கட்டி வளர்த்த நாயில்லை. தனக்கான நிழலைத் தானே தேடிக்கொள்ளும். ஊசிக்காரர் வரவில்லை. அவள் அவிழ்க்க மறந்து, பூநகரியிலிருந்து கிளிநொச்சிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மத்தியானம் அவள் வேலைபார்க்கும் கந்தோர் வாசலில் மணல் காலைச் சுட்டபோதுதான் நினைவு வந்தது. முருங்கைக்கு ஏது நிழல்? தண்ணீர்கூட வைக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கம்மாவுக்கு எடுத்தாள். போன் வேலை செய்யவில்லை. உடனே ஊருக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடித்தாள்.

மரத்தடியில் சங்கிலி மட்டும் கிடந்தது. அவள் ஜிம்மியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"உன்ர துரை இஞ்சை இருக்கிறார்!" வேலிக்கு அப்பால் தங்கம்மாவின் குரல். "கத்தின கத்தில பத்து மணிக்கே அவிட்டு விட்டனான். இப்ப கிணத்தடிச் சேத்தை விட்டு எழும்ப மாட்டாராம்."

வாழைகளின் கீழே ஜிம்மி ஒரு கண்ணைத் திறந்து, வாலை ஒருதரம் சேற்றில் அடித்தது. தாட்சாயினி சேலையோடு பக்கத்தில் குந்தி, அதன் ஈர வயிற்றில் கை வைத்தாள். மூச்சு ஆறுதலாக வந்துகொண்டிருந்தது.

"ஊசிக்காரர் நாளைக்காம்," என்றாள் தங்கம்மா.

"வரட்டும், அக்கா. நானே பிடிச்சுக்கொண்டு நிப்பன்."